இட்டேரி அகலத்தில் ஒரு டிரெய்லர்

என் கணவர் இறந்த வருடத்தில் நான் ஒரு டிரெய்லர் செய்தேன். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் கையைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள். துக்கத்தில் இருக்கிற பெண்பிள்ளை செய்கிற காரியமா என்று கேட்க வாய் வராமல், நல்லதுங்க என்று முடித்துக்கொள்வார்கள். துக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்களோ, அது எனக்கு வரவே இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால், தொடுவது தெரியும், தொடப்படுவது தெரியாது. முழு உடம்பும் அப்படித்தான் இருந்தது. பசித்தது, சாப்பிட்டேன். தூக்கம் வந்தது, தூங்கினேன். இரண்டையும் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள்.

எங்கள் தோட்டம் தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையை ஒட்டி இருக்கிறது. தென்னை, நடுநடுவே வாழை, ஓரத்தில் கொஞ்சம் கத்தரி. தார் ரோட்டிலிருந்து உள்ளே வர ஒரு இட்டேரிதான் வழி. இரண்டு பக்கமும் வேலி வைத்த மண் தடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். இந்தப் பக்கம் தடத்துக்காக நாங்கள் வைத்த கிளுவை வேலி, அந்தப் பக்கம் என் கொழுந்தனாருடைய கல்லுக்கால் வேலி. அவர் என் கணவரின் தம்பி. பாகம் பிரித்தபோது ரோட்டை ஒட்டிய பாதி அவருக்கும், உள்ளே இருக்கும் பாதி எங்களுக்கும் வந்தது. நடுவில் ஒரு இடத்தில் இட்டேரி சட்டென்று திரும்பும். அந்த முக்கில் இருக்கும் கல்லில் என் முழங்கை உரசாத வருடமே இல்லை.

தேங்காய் வியாபாரியின் லாரி தார் ரோட்டில்தான் நிற்கும், உள்ளே வராது. காய் வெட்டுகிற நாளில் என் கணவர் விடிந்ததிலிருந்து மொபெட்டில் மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டே இருப்பார். முந்தின நாளே ரோட்டோரம் குவித்து வைக்கலாமே என்று டவுனிலிருந்து வருகிறவர்கள் யோசனை சொல்வார்கள். வைக்கலாம். தேங்காயை மனிதர்கள் எடுத்துப் போவார்கள், வாழைத்தாரை யானை எடுத்துப் போகும். அதனால் வெட்டிய அன்றைக்கே, லாரி கிளம்புவதற்குள், எல்லாம் ரோட்டுக்கு வந்தாக வேண்டும்.

அப்படி ஒரு நாளில்தான் அவர் விழுந்தார். முந்தின நாள் மழை. மூட்டையோடு மொபெட் சேற்றில் இழுக்கவில்லை என்று இறங்கித் தள்ளியிருக்கிறார். நான் களத்தில் காய் அள்ளிக்கொண்டிருந்தேன். மொபெட் சத்தம் நகராமல் ஒரே இடத்திலிருந்து கேட்டது. சேறு, வேறென்ன என்று நினைத்துக்கொண்டு அடுத்த மூட்டையைக் கட்டினேன். கொழுந்தனார்தான் வேலியைத் தாண்டி வந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். இதயத்தில் ரொம்ப நாளாகவே அடைப்பு இருந்திருக்கிறது, எங்கே இருந்தாலும் வந்திருக்கும் என்றார் டாக்டர். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் இதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிய பிறகு கொழுந்தனார் வந்து உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் குரலை உயர்த்திப் பேசியதில்லை. ஆனால் மரியாதையாகப் பேசுகிறவர்களிடம் மறுத்துப் பேசுவதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம். தோட்டத்தைத் தன்னிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு நான் போத்தனூரில் மகள் வீட்டுக்குப் போய்விடலாம் என்பது அவருடைய யோசனை. மகளும் அதையே சொன்னாள். அவளுக்கு ரயில்வே குடியிருப்பில் வீடு, எனக்கென்று ஒரு அறை ஒழித்து வைத்திருந்தாள், ஜன்னலுக்குப் புதுத் திரை கூடத் தைத்துவிட்டாள்.

"ஒத்தைப் பொம்பளை, அண்ணி. காயை வெட்டிப்போடலாமுங்க. ரோட்டுக்கு எப்படிங்க கொண்டு போவீங்க?" என்று கேட்டார் கொழுந்தனார்.

எனக்கு மொபெட் ஓட்ட வரும், மூட்டை கட்டிய மொபெட் ஓட்ட வராது. கூலிக்கு ஆள் வைக்கலாம் என்றால், சொன்ன நாளில் ஆள் வருவது எங்கள் பக்கம் மழை வருகிற மாதிரிதான். வருஷம் திரும்பும் வரைக்கும் பார்ப்போம் என்று சொன்னேன். அதாவது முதல் வருஷத் திதி வரை. அதற்குள் ஒரு வெட்டாவது யார் தயவும் இல்லாமல் நானே ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தால் தோட்டம் என்னிடம், இல்லையென்றால் குத்தகை. அவரும் சரி என்றார். அதுவரைக்கும் வெட்டுகிற காயைத் தன் ஆட்களை விட்டு எடுத்துக் கொடுப்பதாகவும் சொன்னார். கொடுக்கவும் செய்தார். ஒவ்வொரு தடவையும் அந்த ஆட்கள் என் காயைச் சுமந்து போவதைப் பார்க்கும்போது, தோட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வேலி தாண்டிப் போகிற மாதிரி இருந்தது. அதற்கும் எனக்கு வருத்தம் வரவில்லை. போத்தனூர் அறையை நினைத்தால் சந்தோஷமும் வரவில்லை. பிறகு ஏன் தோட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று கேட்டால், அங்கே எனக்கு வேலை இருந்தது, அவ்வளவுதான். அந்த அறையில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

எங்களிடம் ஒரு மினி டிராக்டர் இருந்தது. தென்னை வரிசைக்கு நடுவில் உழுவதற்காக என் கணவர் பழையதாக வாங்கியது. டிராக்டர் இருக்கிறது, டிரெய்லர் எங்கே என்று யாராவது கேட்டால், நம்ம இட்டேரிக்கு டிரெய்லர் ஆகாது என்பார். கொழுந்தனாரும் அதையே சொல்வார், நானும் சொல்லியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் அது மாமனார் காலத்திலிருந்தே முடிவான விஷயம். அந்தக் காலத்தில் ஒரு பெரிய டிரெய்லர் முக்கில் மாட்டிக்கொண்டு கல்லை இடித்துத் தள்ளியதாம். அன்றிலிருந்து டிரெய்லர் என்றால் அந்த டிரெய்லர்தான்.

ஒரு நாள் உழவுக்கு ஆள் வராததால் நானே டிராக்டரை எடுத்தேன். ஓட்ட எனக்கு முன்பே தெரியும். கொத்துக் கலப்பையின் பல் ஒன்று வளைந்திருந்தது, அதை நிமிர்த்தி வாங்க ரோட்டுக்குப் போக வேண்டியிருந்தது. முக்கில் திரும்பும்போது இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தேன். கல்லுக்கும் டயருக்கும் நடுவில் தாராளமாக இடம் இருந்தது. இந்த டிராக்டர் போகிற இடத்தில் இதே அகலத்தில் ஒரு பெட்டியைப் பின்னால் கட்டினால் அது போகாதா என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குக்கூடத் தோன்றும். எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

கடையில் விற்கிற டிரெய்லர் எதுவும் அந்த அகலத்தில் இல்லை. விசாரித்த இடத்தில் எல்லாம், அவ்வளவு சின்னதாகச் செய்தால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்றார்கள். முன்பு நான் வேலை பார்த்த பம்ப் கம்பெனியில் என்னோடு மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றியவள் ஒருத்தி, இப்போது புருஷனோடு சேர்ந்து தொண்டாமுத்தூர் ரோட்டில் கிரில் பட்டறை வைத்திருக்கிறாள். அவளிடம் போய்ச் செய்து கொடுக்கச் சொன்னேன். பட்டறையில் வேலை மலைபோல் கிடக்கிறது என்றாள். பிறகு என் கையைப் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, நீயே செய்யேன். காயில் சுத்துன கை தானே, வெல்டிங் ராடு புடிக்காதா?" என்றாள்.

கேலிக்குச் சொன்னாளா நிஜமாகச் சொன்னாளா என்று இன்று வரை கேட்கவில்லை. அடுத்த வாரம் இரண்டு பேரும் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் நின்றோம். சட்டத்துக்குச் சேனல் இரும்பு, பக்கத்துக்கு ஆங்கிளும் தகடும், அடிக்கு மேடு மேடாக இருக்கும் செக்கர் ஷீட், ஏதோ ஒரு வேனிலிருந்து கழற்றிய இரண்டு சக்கரம், பட்டை பட்டையாக ஒரு ஜோடி ஸ்பிரிங். அச்சுக்குச் சதுர இரும்பை எங்கள் அகலத்துக்கு வெட்டி வாங்கி, இரண்டு முனையையும் லேத்தில் கொடுத்துக் கடைந்தோம். கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். டிரெய்லருக்கு என்றேன். யார் செய்கிறார்கள் என்றார். என் தோழி என்னைக் காட்டினாள். அவர் இரும்பை எடைத் தட்டில் தூக்கி வைத்தார்.

இரும்பு களத்தில் வந்து இறங்கிய அன்றே கொழுந்தனார் வந்துவிட்டார். சேனலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். வருஷம் திரும்புவதற்குள் வீட்டு வாசலில் புது வண்டி நிறுத்தக் கூடாது என்று எங்கள் பக்கம் ஒரு கணக்கு உண்டு. புது வீடு, புது வண்டி, மலைக் கோயில், எதுவும் ஆகாது. அதை அவர் மெதுவாக நினைவுபடுத்தினார். இது புதுசு இல்லை, எல்லாம் பழைய இரும்பு என்றேன்.

"பழைய இரும்பு தானுங்க. ஆனா செஞ்சு முடிச்சுப்போட்டா புதுசு தானுங்களே, அண்ணி?"

"அப்ப முடிக்காம வெச்சுக்கறனுங்க, தம்பி. பெயின்ட் அடிக்கலீன்னா முடியாத வண்டி தானுங்களே?"

ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு வந்து, பெயின்ட் அடிக்காத வரைக்கும் தோஷம் இல்லை என்று அவரே சொன்னார். துருப்பிடிக்காமல் ரெட் ஆக்சைடு மட்டும் பூசிக்கொள்ளலாம், அது பெயின்ட் கணக்கில் வராது என்றும் சேர்த்துச் சொன்னார். பூஜையும் போடக் கூடாது. சரி என்றேன். எனக்கு எதிலும் பிடிவாதம் இல்லாத காலம் அது.

தோழி சின்ன வெல்டிங் மிஷினையும் கிரைண்டரையும் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்ப்பாள், மற்ற நாளில் நான் மட்டும். முதலில் வேண்டாத துண்டுகளில் பழகினேன். ராடு இரும்பில் ஒட்டிக்கொண்டு வராமல் அடம் பிடித்தது. பிறகு ஒட்டாமல் ஓடியது. பிறகு ஓட்டை போட்டது. பற்றவைத்த இடத்தின் மேல் படியும் கசடைத் தட்டிப் பார்த்தால் உள்ளே புழு ஊர்ந்த தடம் மாதிரி கோணல்மாணலாக இருக்கும். தோழி அதைப் பார்த்துவிட்டு, கோழி கிளறியது மாதிரி இருக்கிறது, ஆனால் பிடித்திருக்கிறது என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சட்டத்தை ஒரேயடியாகப் பற்றவைத்தால் சூட்டில் முறுக்கிக்கொள்ளும். முதலில் மூலைகளில் புள்ளி புள்ளியாகப் பிடிக்க வைத்து, குறுக்கு அளவு இரண்டும் ஒன்றாக வருகிறதா என்று கயிறு பிடித்துப் பார்த்து, தட்டித் திருத்தி, அப்புறம்தான் முழுதாக ஓட்ட வேண்டும். எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த வருடம் எதுவும் பிடிக்கவில்லை, எதுவும் பிடிக்காமலும் போகவில்லை. ஆனால் கிரைண்டர் ஓடும்போது வேறு எதுவும் காதில் விழாது. யாராவது ஆறுதல் சொல்ல வந்தாலும் அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்காகவே சில நாள் வெட்ட வேண்டியதில்லாத இரும்பையும் தேய்த்தேன்.

அந்தப் புள்ளி வைக்கிற வேலையில்தான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஒரு கை இரும்பைப் பிடிக்க, ஒரு கை ராடைப் பிடிக்க, முகத்துக்கு முன் கறுப்புக் கண்ணாடி பிடிக்க மூன்றாவது கை வேண்டும். தலையில் மாட்டுகிற கண்ணாடி ஒன்று இருந்தது, அதை மாட்டினால் ராடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஒரு புள்ளிக்கு ஒரு நொடிதானே என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன். மூடுவதற்கு முன்னால் கொஞ்சம், திறந்த பிறகு கொஞ்சம் என்று வெளிச்சம் உள்ளே போயிருக்கிறது. அப்போது ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு அமாவாசை. சாயங்காலம் படையலுக்குக் கொழுந்தனார், அவர் மனைவி, என் மகள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

இலை போட்டு, என் கணவர் படத்துக்கு முன் கற்பூரம் காட்டினேன். அந்த வெளிச்சம் பட்டதும் கண்ணுக்குள் ஒரு கை மணலை அள்ளிப் போட்டது மாதிரி இருந்தது. தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. துடைக்கத் துடைக்கக் கொட்டியது. நிமிர்ந்து பார்க்க முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொழுந்தனார் மனைவி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அழுதுருங்கக்கா. இத்தனை நாளா உள்ளாரயே வெச்சிருந்தீங்களே, எல்லாத்தையும் அழுதுருங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் அழுதாள். மகள் என் மடியில் தலையை வைத்து அழுதாள். கொழுந்தனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். என்னைச் சுற்றி எல்லோரும் நன்றாக, மனதார அழுதார்கள். எனக்குக் கண் எரிந்தது, அவ்வளவுதான். உள்ளே ஒன்றுமே இல்லை. வெல்டிங் வெளிச்சம் அடித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் எட்டு மாதமாகக் காத்திருந்தது இதற்குத்தான் என்று தெரிந்ததால் சொல்லவில்லை. மகளின் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அன்றைக்கு அவள் ரொம்ப நிம்மதியாகத் திரும்பிப் போனாள்.

மறுநாள் தோழி வந்து வீங்கிய கண்ணைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி இரண்டு கண்ணிலும் வைத்துப் படுக்கச் சொன்னாள். நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. கண்ணில் உருளைக்கிழங்கோடு படுத்துக்கொண்டு, இதற்கு நானும் சிரிக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. சிரிப்பும் வரவில்லை. அதற்கு மட்டும் கொஞ்சம் பயமாக இருந்தது.

கண் சரியானதும் தலையில் மாட்டுகிற கண்ணாடியையே மாட்டிப் பழகிக்கொண்டேன். மழைக்காலம் முடிவதற்குள் டிரெய்லர் நின்றது. ரெட் ஆக்சைடு பூசிய செம்மண் நிறத்தில், டிராக்டர் அகலத்தில், நீளமாக. அகலத்தில் விட்டதை நீளத்தில் பிடிக்கலாம் என்று நீட்டியிருந்தேன். முன்னால் டிராக்டரோடு மாட்டுகிற இழுவைக் கம்பியையும் நீளமாகவே வைத்தேன். வெட்டுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது, திதிக்கு அதற்கடுத்து சில நாள். இந்த வெட்டை விட்டால் அடுத்த வெட்டு திதிக்குப் பிறகுதான்.

காலி டிரெய்லரைக் கட்டிக்கொண்டு இட்டேரிக்குள் போனேன். நேர் தடத்தில் அழகாக வந்தது. முக்கில் டிராக்டர் திரும்பியது, பின்னால் ஒரு இழுப்பு. திரும்பிப் பார்த்தால் டிரெய்லரின் உள்பக்கச் சக்கரம் கல்லில் ஏறி நிற்கிறது. டிராக்டர் போன தடத்தில் டிரெய்லர் வரவில்லை, குறுக்கே வெட்டிக்கொண்டு உள்பக்கமாக வந்திருக்கிறது. பின்னால் எடுக்கப் பார்த்தேன், கோணிக்கொண்டு கிளுவை வேலிக்குள் போய் நின்றது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை.

கொழுந்தனார் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். இரண்டு ஆட்களைக் கூப்பிட்டுச் சக்கரத்தைத் தூக்கி வைக்கச் செய்தார். அவர்கள் தள்ளி நின்ற பிறகு மெதுவாகச் சொன்னார், "அண்ணன் அப்பவே சொன்னாருங்களே அண்ணி, நம்ம இட்டேரிக்கு ஆகாதுன்னு." அவர் குரலில் கேலி இல்லை. அண்ணன் சொன்னது தப்பாகவில்லை என்ற ஒரு திருப்திதான் இருந்தது. அதைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. கோபம் மட்டும் வரவில்லை. கழற்றிவிட்ட டிரெய்லரை ஆட்கள் களத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள், பின்னாலேயே நான் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தேன்.

களத்தில் உட்கார்ந்து ஒரு துண்டுக் கம்பியால் மண்ணில் வரைந்து பார்த்தேன். கொக்கியிலிருந்து அச்சு எவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறதோ அவ்வளவு உள்ளே வெட்டும். பேராசைப்பட்டு நீட்டியதுதான் வினை. தோழியிடம் போனில் சொன்னேன். நாளைக்குத் தன் புருஷனை அனுப்புகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். இழுவைக் கம்பியில் இரண்டு முழம், பெட்டியில் ஒரு முழம் என்று சாக்பீஸில் கோடு போட்டு, கிரைண்டரை எடுத்து அறுத்தேன். இத்தனை நாள் பற்றவைத்ததை அறுக்கும்போது மனசு கேட்காது என்பார்கள். எனக்குக் கேட்டது. அச்சையும் ஸ்பிரிங்கையும் கழற்றி இடம் மாற்றி, மறுபடியும் புள்ளி வைத்து, மறுபடியும் கயிறு பிடித்து, மறுபடியும் ஓட்டினேன். இந்தத் தடவை தடம் நேராக வந்தது. கசடைத் தட்டியபோது ஒரே தட்டில் உரிந்து விழுந்தது.

வெட்டு நாள் காலையில் லாரி வந்து தார் ரோட்டில் நின்றது. நான் சோதித்துப் பார்க்கக்கூட இல்லை. நேராகக் காயை ஏற்றினேன். காய் பொறுக்கும் பெண்கள் கூடை கூடையாகக் கொட்ட, பெட்டி விளிம்பு வரை நிறைந்தது. மேலே வாழைத்தாரை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினேன். நான் கிளம்பியபோதுதான் லாரி டிரைவர் எதிர்க்கடையில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்ததாக அப்புறம் சொன்னார்கள்.

இட்டேரியில் இரண்டாவது கியரில் போனேன். முக்கு வந்தது. அகலமாக எடுத்துத் திருப்பினேன். கிளுவைக் கிளை என் தோளில் அடித்தது. பின்னால் பார்த்தேன். சக்கரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு கை புகும் அளவுக்கு இடம் விட்டு, டிரெய்லர் தன்பாட்டுக்கு வந்தது. அப்புறம் நேர் தடம். அப்புறம் தார் ரோடு. லாரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியபோது டிரைவர் டீ கிளாசை இன்னும் கீழே வைக்கவில்லை.

கொழுந்தனார் ரோட்டில்தான் நின்றுகொண்டிருந்தார். அவருடைய ஆட்களும் நின்றார்கள், நான் வராவிட்டால் உள்ளே போவதற்காக. அவர் டிரெய்லரைச் சுற்றி வந்தார், பக்கத் தகட்டை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"அண்ணி, குத்தகைப் பேச்சு இனி என் வாயில வராதுங்க. தோட்டத்தை நீங்களே பாத்துக்கங்க."

சரிங்க தம்பி என்றேன். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. செய்தித்தாளில் படித்த மாதிரி தெரிந்தது. டிரைவரும் ஆட்களும் காயை மாற்றி ஏற்றினார்கள், நான் காலி டிரெய்லரோடு திரும்பினேன்.

காலி டிரெய்லர் ரொம்பச் சத்தம் போடும். ஒவ்வொரு கல்லுக்கும் தடதடவென்று அடித்துக்கொண்டு வந்தது. முக்கைத் தாண்டி, என் கணவர் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் வரும்போது ஒரு கணக்கு மனதில் ஓடியது. நான் போட்ட கணக்கு இல்லை, அதுவாகவே ஓடியது. இப்போது கொண்டுபோய்ச் சேர்த்த காய், அவருக்கு ஒரு காலை முழுவதும். விடிந்ததிலிருந்து வெயில் ஏறுகிற வரைக்கும், மொபெட்டில் கட்டி, தள்ளி, கொட்டி, திரும்பி வந்து, மறுபடி கட்டி. எனக்கு ஒரு டீ ஆறுகிற நேரம்.

ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தேன். முதலில் வண்டி அதிர்வுக்காக என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, எனக்குக் கோபம் வந்திருக்கிறது. கொழுந்தனார் மேல் இல்லை, டாக்டர் மேல் இல்லை. அவர் மேல். அவ்வளவு கோபம் எங்கே இருந்ததென்று தெரியவில்லை. காது சுட்டது. அவருடைய சாவைத் தடுத்திருக்க முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசிக் காலையை இப்படிச் சேற்றில் தள்ளிக்கொண்டு கழித்திருக்க வேண்டியதே இல்லை.

டிராக்டரை நிறுத்தினேன். இன்ஜினை நிறுத்தவில்லை. அந்த இடத்தைப் பார்த்துச் சத்தம் போட்டேன்.

"ஏனுங்க, இவ்வளவு தானுங்களா? ஆகாது ஆகாதுன்னே சொல்லிப்போட்டீங்களே, ஒரு தடவை அளந்து பாத்திருக்கலாமல்லங்க? மூட்டை மூட்டையாச் சொமந்தீங்களே, யாரு சொமக்கச் சொன்னாங்க உங்களை?"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. நான் ஒன்று சொன்னால் உடனே ஒன்று சொல்கிறவர் அவர். சொல்லி முடித்துவிட்டு, பழக்கத்தில், அவர் பதிலுக்காகக் காத்திருந்தேன். பதில் சொல்ல அவர் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

களத்தில் பெண்கள் அடுத்த நடைக்குக் கூடைகளை நிரப்பி வைத்துக்கொண்டு நின்றார்கள். கியரைப் போட்டேன்.